பிளெண்டர் டிரைவ் எதை நினைவில் வைக்க வேண்டும்? மிட்சுபிஷி எஃப்ஆர்-டி740

மசாலாப் பொடியோ கால்நடைத் தீவனமோ சத்துமாவோ, உலர்ந்த தூளை மொத்தமாகக் கலக்கும் இடங்களில் அதிகம் காணக் கிடைப்பது ரிப்பன் பிளெண்டர். யு வடிவத் தொட்டி, அதன் நெடுகிலும் ஒரு தண்டு, தண்டைச் சுற்றி இரண்டு அடுக்காக முறுக்கிய பட்டைகள். வெளிப்பட்டை தூளை ஒரு பக்கம் தள்ளும், உட்பட்டை எதிர்ப்பக்கம் தள்ளும். அந்த எதிரெதிர் ஓட்டத்தில்தான் கலவை நடக்கிறது. வாங்குபவர்கள் தொட்டியின் எஃகுத் தடிமனைப் பார்க்கிறார்கள், கியர்பாக்ஸின் பெயரைக் கேட்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள். பேனல் பெட்டிக்குள் இருக்கும் டிரைவைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தை ஆளும் அந்தக் கருவியில் உள்ள எண்கள்தான் பிளெண்டர் எப்படிக் கிளம்புகிறது, எவ்வளவு வேகம் போகிறது, எப்போது தானாக நிற்கிறது என்பதையெல்லாம் முடிவு செய்கின்றன. இந்த விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது மிட்சுபிஷியின் எஃப்ஆர்-டி700 வரிசையில், 400 வோல்ட் மும்முனை மின்சாரத்துக்கான டி740. 0.4 கிலோவாட்டில் தொடங்கி 7.5 கிலோவாட் வரை கிடைக்கும் அளவுகள் சிறிய, நடுத்தர பிளெண்டர்களுக்குப் போதுமானவை.

டிரைவ் விமர்சனங்கள் பெரும்பாலும் முறுக்குவிசை, சத்தம், விலை என்று போகும். நான் இங்கே வைக்கும் வாதம் வேறு. ஒரு பிளெண்டர் டிரைவை அதன் நினைவகத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும். மின்சாரம் போய் வந்த பிறகு அது எதை நினைவில் வைத்திருக்கிறது, எதை மறந்திருக்கிறது, அந்த இரண்டையும் யார் மாற்ற முடியும் என்பதே முதல் கேள்வி. மோட்டாரின் ஆம்பியர் அளவு டிரைவுக்கு என்றைக்கும் மறக்கக் கூடாது. 'ஓடிக்கொண்டிருந்தேன்' என்ற நிலை மின்சாரம் போன நொடியிலேயே மறந்துபோக வேண்டும். இந்த மசாலாவுக்கு இவ்வளவு வேகம், இவ்வளவு நேரம் என்ற செய்முறைக் கணக்கு டிரைவுக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கவே கூடாது. டி740 இந்த மூன்றையும் பிரித்து வைக்க வசதி தருகிறது. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியபடியே ஓட்டினால் அந்தப் பிரிவினை நடக்காது. உட்கார்ந்து செட் செய்ய வேண்டும்.

முன்பக்கத்தில் நான்கு இலக்க எல்இடி திரை, அதன் கீழே ஒரு திருகு குமிழ், சுற்றி ரன், ஸ்டாப்/ரீசெட், மோட், செட், பியு/இஎக்ஸ்டி என்று ஐந்து பட்டன்கள். படமோ எழுத்து விளக்கமோ கிடையாது. முன்பலகையிலிருந்தே ஆளும் பியு நிலைக்கு மாற்றி, மோட் பட்டனை அழுத்தினால் 'பி' என்ற எழுத்தும் ஒரு எண்ணும் தெரியும். குமிழைத் திருகி வேண்டிய பாராமீட்டருக்குப் போய், செட் அழுத்தினால் உள்ளே இருக்கும் மதிப்பு தெரியும். திருகி மாற்றி மறுபடி செட் அழுத்தினால், புதிய மதிப்பும் பாராமீட்டர் எண்ணும் மாறி மாறிச் சிமிட்டும். அந்தச் சிமிட்டல்தான் எழுதியாயிற்று என்பதற்கு அடையாளம். எழுத முடியாவிட்டால் காரணத்தையும் சொல்லிவிடுகிறது: எழுதத் தடை இருந்தால் இஆர்1, ஓடும்போது மாற்ற முயன்றால் இஆர்2, பியு நிலையில் இல்லாவிட்டால் இஆர்4. தொடக்கத்தில் வறட்சியாகத் தெரியும் இந்த முறை பழகிய கைக்கு வேகமாக வந்துவிடும். மாவுத் தூசி படிந்த விரலுக்குத் தொடுதிரையைவிட இந்தக் குமிழ் மேல் என்றே சொல்வேன்.

முதல் குறை இங்கேயே தென்படுகிறது. பாராமீட்டர் 160 தொழிற்சாலை அமைப்பில் 9999 என்று இருக்கிறது. அப்படி இருக்கும்வரை குமிழை எவ்வளவு திருகினாலும் எளிய பட்டியலில் உள்ள சில பாராமீட்டர்கள் மட்டுமே கண்ணில் படும். 0 என்று மாற்றினால்தான் மற்றவை வெளியே வரும். புதியவரைக் குழப்ப வேண்டாம் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் நினைவகத்தை ஆளுகிற பாராமீட்டர்கள் எல்லாமே மறைந்திருக்கும் பக்கத்தில் இருக்கின்றன. எளிய பட்டியலை மட்டும் முடித்துவிட்டு 'செட்டிங் ஆச்சு' என்று கையெழுத்துப் போடும் எலக்ட்ரீஷியன் பாதி வேலைதான் செய்திருக்கிறார். அவர்மேல் தவறு சொல்ல முடியாது. கருவி அவருக்கு அவ்வளவுதான் காட்டியது.

நிரந்தரமாக இருக்க வேண்டிய எண்களை முதலில் பார்ப்போம். பாராமீட்டர் 1 உச்ச அதிர்வெண். வரும்போதே 120 ஹெர்ட்ஸ். நம் மோட்டார் 50 ஹெர்ட்ஸுக்கானது; 120 என்றால் வழக்கமான வேகத்தைப் போல 2.4 மடங்கு. ரிப்பன் பட்டையின் விளிம்பு நொடிக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர் வேகத்தில் போவதற்காக வடிவமைக்கப்பட்டது. அதை இரண்டு மடங்குக்கு மேல் ஓட்டும் சாத்தியத்தைத் திறந்து வைத்திருப்பது தண்டுக்கும் பேரிங்குக்கும் ஆபத்து. இதை 50 ஆக்காமல் பிளெண்டரில் முதல் மூட்டையைக் கொட்டக் கூடாது. பாராமீட்டர் 7 கிளம்பும் நேரம், 3.7 கிலோவாட் வரையிலான அளவுகளில் 5 நொடி என்று வருகிறது. காலித் தொட்டிக்கு அது போதும். நிரம்பிய தொட்டியில், படிந்து இறுகிய தூளைப் பெயர்த்துக்கொண்டு கிளம்பும்போது மின்னோட்டம் எகிறும். திரையில் ஓஎல் என்று மின்னினால் டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது என்று பொருள். 10, 15 நொடி கொடுத்தால் அந்தத் திணறல் குறையும்.

இவற்றைவிட முக்கியமானது பாராமீட்டர் 9, மோட்டாரின் சூட்டுப் பாதுகாப்புக்கான ஆம்பியர். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதில் இருப்பது டிரைவின் ஆம்பியர். அதில் எந்த மோட்டாரை மாட்டப் போகிறோம் என்பது தயாரிப்பாளருக்கு எப்படித் தெரியும்? கிளம்பும் விசைக்காக ஒரு அளவு பெரிய டிரைவைப் போடும் வழக்கம் பிளெண்டர் பேனல்களில் உண்டு. 2.2 கிலோவாட் மோட்டாருக்கு 3.7 கிலோவாட் டிரைவ் போட்டால், மோட்டார் எடுப்பது சுமார் 5 ஆம்பியர், பாராமீட்டர் 9 காவல் காப்பது 8 ஆம்பியரை. மோட்டார் கருகும்வரை டிரைவுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணை அப்படியே இங்கே எழுதுவது ஒரு நிமிட வேலை.

எழுதிய பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது, அது நேரடியாக நினைவகம் சம்பந்தப்பட்டது. இந்தப் பாதுகாப்பு மோட்டாருக்குள் வெப்பமானி வைத்து அளப்பதில்லை. போன மின்னோட்டத்தையும் வேகத்தையும் வைத்து, இந்நேரம் இவ்வளவு சூடேறியிருக்கும் என்று டிரைவ் கணக்குப் போட்டுக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கு மின்சாரம் போனாலும் ரீசெட் அழுத்தினாலும் பூஜ்யத்துக்குப் போய்விடும். கையேடே இதைக் குறிப்பிட்டு, தேவையில்லாமல் ரீசெட் செய்யாதீர்கள் என்று சொல்கிறது. மோட்டார் கைவைக்க முடியாத சூட்டில் இருக்கும். டிரைவ் அது குளிர்ந்துவிட்டதாக நினைத்துப் புதிதாக எண்ணத் தொடங்கும். டிரிப் ஆகி நின்றதும் ரீசெட், மறுபடி டிரிப், மறுபடி ரீசெட் என்று ஒரு பேட்ச்சை எப்படியாவது முடிக்கப் பார்க்கும் அவசரத்தில் இந்த மறதிதான் மோட்டாரைக் கொல்கிறது. மறக்கவே கூடாத ஒன்றை டி740 மறக்கிறது. இதற்கு மாற்று கருவியிலேயே உண்டு: மோட்டார் சுருளுக்குள் பதித்த பிடிசி தெர்மிஸ்டரை 2, 10 ஆகிய முனைகளில் இணைத்து, பாராமீட்டர் 561-ல் தடை அளவைக் கொடுத்தால், டிரைவ் நிஜச் சூட்டைப் பார்க்கும். முனை 2 போய்விடுவதால் அதில் வேகக் குமிழ் இணைக்க முடியாது. பிளெண்டருக்கு அது பெரிய இழப்பில்லை. நிலையான இரண்டு மூன்று வேகங்களே போதும். புது மோட்டார் வாங்கும்போது தெர்மிஸ்டரோடு கேட்டு வாங்குவது நல்லது.

மறக்க வேண்டியதை மறக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கலவை நடுவில் கரண்ட் போகிறது. ஆபரேட்டர் மூடியைத் திறந்து, சுவரில் ஒட்டியதை வழித்துவிடக் கையை விடுகிறார். கரண்ட் வருகிறது. அந்த நொடியில் தண்டு தானாகச் சுற்றக் கூடாது. உலகம் முழுவதும் இயந்திர மின் அமைப்புக்கு அடிப்படையாகக் கொள்ளும் ஐஇசி 60204-1 விதியும், ஆபத்து இருக்கும் இயந்திரம் மின்சாரம் திரும்பியதும் தானாகக் கிளம்பக் கூடாது என்றே சொல்கிறது. டி740-க்குள் 'ஓடினேன்' என்ற நினைவு தங்குவதில்லை. ஆனால் வயரிங் அந்த நினைவைத் தங்க வைத்துவிடும். ஒருமுறை திருப்பினால் அப்படியே நிற்கும் செலக்டர் ஸ்விட்சை, கிளம்பச் சொல்லும் எஸ்டிஎஃப் முனையில் மாட்டியிருந்தால், கரண்ட் வந்ததும் டிரைவ் அந்தச் சிக்னலைப் பார்த்துக் கிளம்பிவிடும். இதற்குச் சரியான வழி, உள்ளீட்டு முனைகளில் ஒன்றுக்கு 25 என்ற வேலையைக் கொடுப்பது. உதாரணமாக ஆர்எல் முனைக்கான பாராமீட்டர் 180-ல். பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒரு முறை அழுத்தி விட்டால் போதும், டிரைவ் தானே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எப்போதும் மூடியிருக்கும் ஸ்டாப் பட்டன் திறந்தாலோ கரண்ட் போனாலோ அந்தப் பிடி விட்டுப்போகும். மின்வெட்டுக்குப் பின் தானாகத் தொடர வைக்கும் பாராமீட்டர் 57-ஐ 9999-லும், டிரிப்புக்குப் பின் தானாக முயலும் பாராமீட்டர் 67-ஐ 0-விலும் வைத்திருங்கள். இரண்டும் வரும்போதே அப்படித்தான் வருகின்றன. யாராவது 'வசதிக்காக' மாற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பதே வேலை. மூடியின் ஸ்விட்சை மட்டும் எந்தப் பாராமீட்டரையும் நம்பி விடாதீர்கள். எஸ்1, எஸ்2 என்ற பாதுகாப்பு முனைகள் தொழிற்சாலையிலிருந்து குறுக்கிணைப்புக் கம்பியோடு வரும். மூடி ஸ்விட்ச் போக வேண்டிய இடம் அங்கே அல்லது மெயின் காண்டாக்டரில். நினைவகத்தில் உள்ள எதையும் யாரோ ஒருவர் அழிக்க முடியும். கம்பியை அப்படி அழிக்க முடியாது.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். டி740-ல் இரண்டு நினைவகங்கள் உண்டு. ராம் என்பது மின்சாரம் இருக்கும்வரை மட்டும். ஈஈபிராம் என்பது மின்சாரம் போனாலும் தங்குவது. குமிழைத் திருகி செட் அழுத்துவது ஈஈபிராமில் போய் உட்காரும். ஈஈபிராமை எழுதி அழித்து எழுதுவதற்கு ஒரு ஆயுள் உண்டு. இந்த வகைச் சிப்புகளுக்குப் பொதுவாக ஒரு லட்சம் முறை என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். மனிதக் கை இதைத் தீர்க்க முடியாது. ஒரு நாளைக்கு 20 முறை மாற்றினாலும் 13 வருடத்துக்கு மேல் ஆகும். சிக்கல், இயந்திரத்தை நிரல்படி ஆளும் பிஎல்சியோ தொடுதிரையோ ஆர்எஸ்-485 கம்பி வழியாக டிரைவோடு பேசத் தொடங்கும்போது வருகிறது. மோட்பஸ் முறையில் வேகத்தை எழுத அடுத்தடுத்து இரண்டு ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன: 40014-ல் எழுதினால் ராம், 40015-ல் எழுதினால் ஈஈபிராம். ஓர் இலக்க வித்தியாசம். இரண்டிலும் மோட்டார் ஒரே மாதிரி ஓடும், திரையில் ஒரே எண் தெரியும், சோதனை ஓட்டத்தில் யாருக்கும் எதுவும் தோன்றாது. ஆனால் நொடிக்கு ஒரு முறை வேகத்தை எழுதும் சாதாரண நிரல் 40015-ஐப் பிடித்திருந்தால், அந்த லட்சம் முறையும் 28 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிறகு எப்போது வேண்டுமானாலும் திரையில் இ.பிஇ என்று வரலாம்: பாராமீட்டர் சேமிப்பகம் பழுது. அந்தப் பழுதுக்குக் கையேடு சொல்லும் முதல் சோதனையே, அளவுக்கு மீறி எழுதினீர்களா என்பதுதான். பட்டறையில் இதை 'டிரைவ் மட்டம், சீக்கிரம் போயிடுச்சு' என்று பேசுவார்கள். டிரைவ் மட்டமில்லை. நிரந்தரமாக எழுத வேண்டாததை நிரந்தரமாக எழுதச் சொன்னோம், எழுதி எழுதித் தேய்ந்துபோனது.

வேகத்தை மட்டுமல்லாமல் கிளம்பும் நேரம் போன்ற பாராமீட்டர்களையும் பிஎல்சி பேட்ச்சுக்குப் பேட்ச் மாற்றுமானால், பாராமீட்டர் 342-ஐ 1 ஆக்க வேண்டும். அதன்பின் கம்பி வழியாக எழுதப்படும் எல்லாமே ராமோடு நின்றுவிடும். வரும்போது அது 0; அதாவது எல்லாவற்றையும் நிரந்தரமாக எழுது. என்னைப் பொறுத்தவரை இதுதான் இந்தக் கருவியில் மிட்சுபிஷி எடுத்த தவறான முடிவு. ஏபிபியின் ஏசிஎஸ்550 டிரைவ் இதற்கு நேர்மாறாகச் செய்கிறது: ஃபீல்டுபஸ் வழியாக மாற்றியவை தானாக நிரந்தர நினைவகத்துக்குப் போகாது, பாராமீட்டர் 1607-ல் 'சேமி' என்று தனியாகச் சொல்ல வேண்டும். நிரந்தரம் என்பது கேட்டுப் பெற வேண்டிய ஒன்று என்ற அந்த அணுகுமுறையே சரி. இதற்கு எதிராக ஒரு நியாயம் சொல்லலாம்: தானாகச் சேமிக்காவிட்டால், பொறியாளர் மடிக்கணினியில் செட்டிங் முடித்துவிட்டுப் போன மறுநாள் கரண்ட் போய் எல்லாம் பழையபடி ஆகிவிடுமே? ஆகும். ஆனால் அந்தத் தவறு மறுநாளே தெரிந்துவிடும், பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். சேமிப்பகம் தேய்வது தெரியவே தெரியாது. தெரியும்போது பலகையை மாற்ற வேண்டியிருக்கும். சீக்கிரம் தெரியும் சிறு தவறையும் தாமதமாகத் தெரியும் பெரிய தவறையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

'செய்முறை, பேட்ச் எல்லாம் பிஎல்சியின் வேலை, டிரைவைப் போட்டு ஏன் இவ்வளவு ஆராய வேண்டும்?' என்று பேனல் செய்பவர்கள் கேட்பார்கள். கேள்வியின் முதல் பாதி முழுக்கச் சரி. செய்முறையையும் இயந்திரத்தையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பது 1995-ல் வந்த ஐஎஸ்ஏ-88 தரநிலையின் அடிப்படைக் கருத்து. மல்லித்தூளுக்கு 30 ஹெர்ட்ஸ் 12 நிமிடம் என்பது பொருளின் குணம். மோட்டார் 5 ஆம்பியர் என்பது இயந்திரத்தின் குணம். டி740-ன் மூன்று வேக முனைகளில் 50, 30, 10 ஹெர்ட்ஸ் என்று ஏற்கெனவே எண்கள் இருக்கின்றன; பாராமீட்டர் 4, 5, 6-ல் அவற்றை மாற்றிக்கொள்ளலாம். ஒரே பொருளை மட்டும் கலக்கும் இடத்துக்கு அதுவே செய்முறையாகவும் போதும். பத்துப் பொருள் கலக்கும் இடத்தில் செய்முறை பிஎல்சிக்குள் இருக்கட்டும். சீமென்ஸ் எஸ்7-1200 போன்றவற்றில் எந்த மாறி மின்வெட்டுக்குப் பின்னும் தங்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகக் குறித்து வைக்கலாம். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதி தவறு. பிஎல்சி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கடைசி வார்த்தை டிரைவுடையது. செய்முறை 35 ஹெர்ட்ஸ் கேட்கிறது, டிரைவில் யாரோ பாராமீட்டர் 1-ஐ 30 ஆக்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். தண்டு 30-ல் சுற்றும். அனுப்பிய எண்ணைக் காட்டும் தொடுதிரையில் 35 என்றே இருக்கும். கலவை சரியாக வராததற்குக் காரணம் தேடி மாவையும் ஈரப்பதத்தையும் சோதிப்பார்கள். இதைத் தவிர்க்க, திரையில் காட்டும் வேகம் டிரைவிலிருந்து திரும்பப் படித்த வேகமாக இருக்க வேண்டும். பேனல் வாங்கும்போது இந்த ஒன்றை வலியுறுத்திக் கேளுங்கள்.

பூட்டு விஷயத்தில் டி740 தாராளமாகவே இருக்கிறது. பாராமீட்டர் 77-ஐ 1 ஆக்கினால், சிலவற்றைத் தவிர மற்றவற்றை எழுத முடியாது. முழுவதும் அழிக்கும் கட்டளையும் அப்போது வேலை செய்யாது. பாராமீட்டர் 161-ல் 10 கொடுத்து, மோட் பட்டனை இரண்டு நொடி அழுத்தினால் குமிழும் பட்டன்களும் உறைந்துவிடும், ஸ்டாப் மட்டும் எப்போதும் கேட்கும். இது நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. இதற்கும் மேல் 296, 297 இரண்டையும் கொண்டு நான்கு இலக்கக் கடவுச்சொல் போடலாம். பூட்டினால் ஆபரேட்டர் கை கட்டிப்போகும், அவசரத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது என்பது முதலாளிகளின் வழக்கமான மறுப்பு. உண்மையில் ஆபரேட்டருக்குத் தேவை வேகத் தேர்வும் ஸ்டார்ட்டும் ஸ்டாப்பும். அந்த மூன்றும் முனைகள் வழியாக வருவதால் எந்தப் பூட்டும் அவற்றைத் தொடாது. பூட்டப்படுவது உச்ச வேகமும் மோட்டார் ஆம்பியரும்தான்; ஷிப்ட் நடுவில் அவற்றை மாற்ற நியாயமான காரணமே கிடையாது. ஆனால் கடவுச்சொல்லை நான் சிபாரிசு செய்யவில்லை. அதை மறந்தால் திறக்க ஒரே வழி ஆல் கிளியர், அதாவது எல்லாப் பாராமீட்டரையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவது. வேலையை விட்டுப்போன ஒருவரின் மண்டைக்குள் இருக்கும் நான்கு இலக்கம் பிளெண்டரின் மொத்த நினைவையும் பணயம் வைத்துவிடும். 77-ம் 161-ம் போதும்.

ஆல் கிளியர் எவ்வளவு ஆழமாக வெட்டும் என்பதை ஒரு உதாரணத்தில் பார்த்தால் புரியும். மேலே சொன்னபடி ஆர்எல் முனையில் ஸ்டாப் பட்டனை இணைத்திருக்கிறோம். ஆல் கிளியர் செய்ததும் ஆர்எல் தன் பழைய வேலைக்கு, அதாவது குறைந்த வேகத் தேர்வுக்குத் திரும்பிவிடும். எப்போதும் மூடியிருக்கும் ஸ்டாப் பட்டன் இப்போது எப்போதும் 10 ஹெர்ட்ஸைக் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டு வேகங்கள் ஒன்றாகக் கேட்கப்பட்டால் குறைந்த வேகத்துக்கே முன்னுரிமை என்பதால், ஆபரேட்டர் எதைத் தேர்ந்தாலும் தண்டு ஊர்ந்துதான் போகும். ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஓடும், விட்டால் நிற்கும். கூடவே உச்ச வேகம் 120-க்கும், சூட்டுக் காவல் டிரைவின் ஆம்பியருக்கும் திரும்பியிருக்கும். முதல் கோளாறு கண்ணில் படும், அதைச் சரி செய்வார்கள்; மற்ற இரண்டும் சத்தமில்லாமல் அப்படியே இருக்கும். தொழிற்சாலை நிலை என்பது பொதுவான மோட்டாருக்கான தொடக்கப் புள்ளி மட்டுமே, உங்கள் பிளெண்டருக்குப் பாதுகாப்பான நிலை என்று எண்ணிவிடக் கூடாது.

அப்படியென்றால் எல்லா எண்ணையும் தாளில் எழுதிப் பேனல் கதவில் ஒட்டினால் தீர்ந்தது என்று சொல்லலாம். ஒட்டத்தான் வேண்டும். ஆனால் தாள் சொல்வது என்ன இருக்க வேண்டும் என்பதை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. இந்த இடத்தில் டி740 அருமையான ஒரு வசதி தருகிறது. பாராமீட்டர் வரிசையின் கடைசிப் பக்கம், அழிக்கும் கட்டளைகளுக்கு அருகே, பிஆர்.சிஎச் என்று ஒன்று இருக்கிறது. செட் அழுத்திக் குமிழைத் திருகினால், தொழிற்சாலை மதிப்பிலிருந்து மாற்றப்பட்ட பாராமீட்டர்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நூற்றுக்கணக்கானவற்றைத் தேடிச் சலிக்க வேண்டியதில்லை. கதவில் ஒட்டிய தாளில் பன்னிரண்டு வரி இருந்து, பட்டியலில் பதின்மூன்று வந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். வசதி இருந்தால் எஃப்ஆர்-பியு07 என்ற தனிக் கைக்கருவியும் வாங்கலாம். மூன்று டிரைவ்களின் பாராமீட்டர் தொகுப்பை அதில் நகலெடுத்து வைத்து, பழுதான டிரைவை மாற்றும்போது அப்படியே ஏற்றிவிட முடியும். ஒன்றிரண்டு பிளெண்டர் மட்டும் உள்ளவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

நிகழ்வுப் பதிவு மட்டும் மெலிந்திருக்கிறது. கடைசி எட்டு டிரிப்களை வைத்திருக்கிறது. டிரிப் ஆன நேரத்தின் வேகம், ஆம்பியர், வோல்ட், மொத்தம் மின்சாரத்தில் இருந்த மணிநேரம் ஆகியவற்றையும் காட்டுகிறது. கருவிக்குள் கடிகாரம் இல்லாததால் தேதி கிடையாது. யார் எந்தப் பாராமீட்டரை எப்போது மாற்றினார்கள் என்ற தடமும் கிடையாது. மசாலா, தீவனம் கலக்குபவர்களுக்கு இது பொருட்டில்லை. மருந்துத் தூள் கலக்கி அமெரிக்காவுக்கு அனுப்புபவர்கள் 21 சிஎஃப்ஆர் பகுதி 11 கேட்கும் மாற்றப் பதிவை மேலே உள்ள கணினி அமைப்பில்தான் தேட வேண்டும். இந்த டிரைவிடம் எதிர்பார்க்கக் கூடாது.

என் தீர்ப்பு இது: 7.5 கிலோவாட்டுக்குள் உள்ள உலர்தூள் பிளெண்டருக்கு டி740-ஐ வாங்கலாம். ஏற்கெனவே பேனலில் இருந்தால் மாற்றத் தேவையில்லை. 342-ன் தொழிற்சாலை மதிப்பும், சூட்டுக் கணக்கை மறக்கும் குணமும் அதன் உண்மையான குறைகள். முதலாவதற்கு ஒரு எண்ணும் இரண்டாவதற்கு ஒரு தெர்மிஸ்டரும் போதும். பேனல் செய்பவரிடம் பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், பாராமீட்டர் 160-ஐ 0 ஆக்கச் சொல்லி, 1, 7, 9, 57, 67, 77, 180, 342 ஆகிய எட்டையும் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். பிறகு காலித் தொட்டியோடு பிளெண்டரை ஓடவிட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்து, திரை முழுவதும் அணைந்தபின் மறுபடி போடச் சொல்லுங்கள். தண்டு அசையாமல் நின்றால் பணத்தைக் கொடுங்கள்.